மூச்சு நிற்கும் வரை

உள்ளே அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மகேந்திரராஜா கம்பளியை இழுத்து அதைத் தலையோடு மூடினார். மூடிய பிறகும் கேட்டது.

"நிண்டிடும் எண்டு சொன்னியள்," என்றாள் மனைவி ரஞ்சினி, கதவருகில் நின்றபடி.

"நிக்கும். அவசரப்படுத்தேலாது."

எழுபத்து நாலாம் ஆண்டு, சிட்னி, லிட்கம். உடுப்புத் தோய்க்கும் அறையின் மூலையில், மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் மகேந்திரராஜாவின் முதல் பியர் புளித்துக்கொண்டிருந்தது. வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றமில்லை என்று சட்டம் மாறியதும், வேலையிடத்து பிரையன், முளைவிட்ட பார்லிப் பாகு அடைத்த மோல்ட் டின் ஒன்றைக் கையில் திணித்து ஒரே ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தான். மூடியில் செருகிய குழாய் குமிழி விடுவதை நிறுத்தும் முன் போத்தலில் அடைக்கக் கூடாது. அடைத்து, போத்தல் வெடித்துக் கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

"குளுக்" என்றது வாளி.

இன்னும் சற்று நேரத்தில் கேதீஸ்வரன் வரவிருந்தார். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக் குழுவின் தலைவர். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த பிள்ளையார், கோயிலென்று ஒன்று எழும்பும்வரை யார் வீட்டில் தங்குவது என்பதை அவரே வீடு வீடாகப் போய்ப் பார்த்துத் தீர்மானிப்பார். பிள்ளையாரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

சென்ற மாதம், குழுவிலிருந்த விக்னராஜா ஒரு பப் வாசலில் நின்றதாகக் கேள்விப்பட்டதற்கே, அவரிடமிருந்து தேவாரம் பாடும் உரிமையைப் பறித்தவர் கேதீஸ்வரன். அன்று அரை மணி நேரம் பேசினார். 'குடி' என்ற சொல்லை நாவில் படவிடாமலே பேசி முடித்தார்.

ரஞ்சினி பிள்ளையாருக்குத் திரைச்சீலைகூடத் தைத்து வைத்துவிட்டாள். வாளியைக் கவிழ்த்து ஊற்றச் சொன்னாள். மனமில்லையென்றால் இப்போதே போத்தல்களில் அடைத்து வாளியின் வாயை மூடச் சொன்னாள். பிரையனா பிள்ளையாரா என்று யோசித்து, மகேந்திரராஜா கழுவி வைத்த முதல் போத்தலைக் கையில் எடுத்தார். வாசல் மணி அடித்தது.

கேதீஸ்வரன் சப்பாத்தைக் கழற்றும்போதே உபதேசத்தைத் தொடங்கிவிட்டார். கதிரையில் இருக்கவில்லை, தேத்தண்ணியும் வேண்டாமென்றார். சாமியறையைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், பிரிட்ஜைத் திறந்து அதற்குள்ளும் பக்தி இருக்கிறதா என்று பார்த்தார். சுத்தமான வீட்டைத் தன் மூக்கே சொல்லிவிடும் என்றார். உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று மகேந்திரராஜா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"குளுக்."

தலைவரின் பேச்சு பாதியில் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது, கிளம்பிவிடுவார் என்று ரஞ்சினி மனதுக்குள் கும்பிட்டாள்.

"குளுக்."

மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் இறுகியது.

"உது என்ன சத்தம்?"

"தண்ணிக் குழாய், அண்ணை. ஒழுகுது."

கேதீஸ்வரன் சத்தம் வந்த பக்கம் நடந்தார். அறைக் கதவைத் திறந்தார். புளித்த வாடை மூவர் முகத்திலும் அடித்தது. பிணத்தின் முகத்தைத் திறந்து பார்ப்பவர்போல, இரண்டு விரலால் கம்பளியை விலக்கினார். வாளியைப் பார்த்தார், பக்கத்தில் அணிவகுத்து நின்ற போத்தல்களைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தத் தேத்தண்ணியைப் போடுங்கோ," என்றார் ரஞ்சினியிடம், திரும்பிப் பாராமல்.

தீர்ப்பைப் பெண்கள் முன்னால் சொல்ல மாட்டார் போலும். அவள் கண் கலங்கிக் குசினிக்குப் போனதும், அவர் கதவைச் சாத்தினார். பிள்ளையார் கைநழுவிப் போய்விட்டார். மகேந்திரராஜாவுக்குத் தெரிந்துவிட்டது: வரும் வெள்ளிக்கிழமை தலைவர் அவர் பெயரைச் சொல்லாமலே அரை மணி நேரம் பேசப்போகிறார்.

"அண்ணை, நான் என்னெண்டால்..."

கேதீஸ்வரன் கையை உயர்த்தி அவரை அடக்கினார். கம்பளியை மெதுவாக இழுத்து வாளியைப் போர்த்தினார். பிறகு மகேந்திரராஜாவின் காதருகே குனிந்தார்.

"சத்தத்துக்குச் சத்தம் நேரம் பாத்தனான், இன்னும் அடங்கேல்லை. இண்டைக்கு அடைச்சீர் எண்டால் வெடிக்கும், தம்பி, என்ர போத்தலெல்லாம் அப்பிடித்தான் போனது."