புளோராவின் மீன்குழம்பு

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாதா கோயில் மெழுகுவர்த்தி மேல் கை வைத்துச் சத்தியம் செய்யத் தயார்.

தூத்துக்குடி சவரிமுத்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். வேறொரு கோப்பிலிருந்து ஒரே ஒரு வரி வேண்டுமென்றாலும், தேடி எடுக்கச் சோம்பல்பட்டு மொத்தக் கோப்பையும் உள்ளே இழுத்துவிடுவான்.

"இந்த ஞாயித்துக்கிழமையாவது நீங்க சமைக்கலேன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று மனைவி ரெஜினா பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

இப்போதெல்லாம் ஒருவர் மண்டையில் இருப்பதை இன்னொருவர் மண்டைக்கு இறக்குமதி செய்துகொள்ளலாமே. சவரிமுத்து ரெஜினாவின் அக்கா புளோராவிடம் அனுமதி கேட்டான். "மீன்குழம்ப மட்டும் எடுத்துக்கிடுங்க" என்றாள் அவள். இவன் பழக்கதோஷத்தில் அவள் மண்டையில் இருந்த மொத்தத்தையும் இழுத்துவிட்டான்.

குழம்பு தெரு முழுக்க மணத்தது. ரெஜினா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவப் போன சவரிமுத்து, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப் பாவமே, இந்தச் சோம்பேறிக்கா எங்க தங்கச்சியக் கட்டிக் குடுத்தோம்!" என்று புளோராவைப் போலவே மூக்கைச் சிந்தினான்.

பதறி ஓடிவந்த ரெஜினாவின் தலையைத் தடவிக் கொடுத்தான். "ஏட்டி, இவன்கூட எப்படிட்டி காலந்தள்ளுத? பெட்டிய எடு, நம்ம வீட்டுக்குப் போவோம்."

ரெஜினா பெட்டியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

"இப்பத்தான் என் மனசு புரிஞ்ச புருஷன் கெடச்சிருக்காரு. நான் எங்கயும் போகல."

சவரிமுத்துவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, பெண் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.