மக்கர் பண்ணாத துப்பாக்கி

ஒக்லஹோமாவில் ஓடிஸின் துப்பாக்கிக் கடைக்குள் லுவெல்லா விறுவிறுவென்று நுழைந்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு ஒரு கைத்துப்பாக்கி வேணும்ப்பா. இரும்புல, கனமா, அடிக்கடி சிக்கிக்கிறதா பார்த்துக் கொடு."

இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை. ஓடிஸ் சிரித்துவிட்டான். "மேடம், புதுசா வந்த பிளாஸ்டிக் உடம்புத் துப்பாக்கியைப் பார்த்து 'பொம்மையா?'ன்னு கேலி பண்ணினவங்க எல்லாம் இப்போ அதைத்தான் இடுப்புல செருகியிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் டெல்பர்ட் சாரும் இரும்புப் பழசைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கினாரே, அது மக்கர் பண்ணுதா?"

"பண்ணினாத்தான் தேவலையே! துருப் பிடிக்கல, சிக்கல, எண்ணெய்கூடக் கேக்கல."

"அப்புறம் என்ன குறை?"

லுவெல்லா கொட்டித் தீர்த்தாள்.

"ரிட்டயர் ஆனதிலேருந்து பழசைக் கழட்டி மாட்டுறதுக்கே அவருக்குப் பொழுது சரியா இருந்துச்சு. இப்போ வேலையே இல்ல. நாள் பூரா அடுப்படியில நின்னு, முட்டையை எப்படி உடைக்கணும்னு எனக்குப் பாடம் எடுக்கிறார்!"

ஓடிஸ் தலையைச் சொறிந்தான்.

"லேட்டா வந்துட்டீங்க மேடம். உங்க வீட்டுப் பழசைத்தான் காலையில பாதிரியாரோட சம்சாரம் அடம்பிடிச்சு வாங்கிட்டுப் போனாங்க. பாதிரியாரும் போன மாசம் பிளாஸ்டிக்குக்கு மாறிட்டாராம்."