அரளி தின்ற ஆடு

ஆட்டுக்காரியின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து நர்சரிக்குள் நுழைந்து, தொட்டியில் இருந்த அரளிச் செடியை வேர்கூட மிச்சமில்லாமல் தின்றுவிட்டது. அரளி விஷமாயிற்றே என்று அவள் பதறியடித்து ஓடிவந்தாள்.

நர்சரிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் ஆட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயில்லா ஜீவன்மேல் இவ்வளவு பாசமா என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

சாயங்காலம் ஆடு சாவகாசமாக அசைபோட ஆரம்பித்தது. நர்சரிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார்.

"அதான் பொழச்சிடுச்சேண்ணே. இன்னும் எதுக்கு அழறீங்க?"

அவர் மனைவிதான் பதில் சொன்னாள். "விஷமில்லாத அரளியை உண்டாக்கறேன்னு இத்தனை வருஷமா ராப்பகலா கெடந்தாரும்மா. இன்னைக்குத்தான் ஜெயிச்சிருக்காரு."

"நல்ல சேதிதானே அண்ணி?"

"நல்ல சேதிதான். இருந்தது அந்த ஒரே செடி."