அறுபத்து மூன்று சதவீதம்

"அண்ணே, அறுபத்து மூணு காட்டுது!"

கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் பல்கலைக்கழக அலுவலக எழுத்தர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற சுமைதூக்கிக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது.

"பாஸ்தானே மேடம்?"

"ஐயோ, மார்க் இல்லைண்ணே. உங்க ஆய்வேட்டுல நூத்துக்கு அறுபத்து மூணு பங்கு ஏற்கெனவே வேற எங்கேயோ வந்த எழுத்தாம். பத்தைத் தாண்டினாலே நாங்க வாங்கக் கூடாது."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டே சர்வதேச உறவுகளில் முதுகலை. பன்னிரண்டு தாள்கள், அயல்மொழிச் சான்று, இரண்டு மாதக் களப்பயிற்சி என்று பட்டத்துக்குக் கேட்ட எல்லாவற்றையும் முடித்துவிட்டார். மிச்சம் இந்த ஆய்வேடுதான். ஐந்து வருடப் பதிவு இன்று மாலை ஐந்து மணியோடு காலாவதி. சுவர்க் கடிகாரத்தில் நாலே கால்.

"ஒவ்வொரு வரியும் நானே எழுதினது மேடம்."

"டைப் அடிச்சது யாரு?"

"என் மச்சினன்."

"அப்படிச் சொல்லுங்க. பக்கம் போதலைன்னு நெட்ல இருந்து அள்ளிப் போட்டிருப்பாரு. நான் பாக்காத மச்சினனா!"

அவர் போனை அமுக்கினார்.

"டேய் மாப்ளே, உண்மையைச் சொல்லு. நான் எழுதிக் கொடுத்ததோட வேற எதையாவது சேர்த்தியா?"

"மாமா, உங்க எழுத்தைப் புரிஞ்சுக்கவே எனக்குப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. இதுல நான் வேற சேர்க்கணுமா? அக்கா மேல சத்தியமா இல்லை."

"அக்காவை ஏன்டா இழுக்கிற?"

"அவ மேலதான் பொய்ச் சத்தியம் பண்ண எனக்குப் பயம்."

போனை வைத்தார். மச்சினன் இல்லையென்றால் வேறு யார்? ஒருவேளை நாமேதானா?

முப்பது வயதில் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ எழுதப் பழகியவர். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவர். எப்போதோ படித்ததை நம்முடையது என்று நினைத்து எழுதிவிட்டோமோ? ஆனால் அந்தக் கப்பல்? முதலாளி கைவிட்டு ஓடியதால் துறைமுகத்திலேயே நின்றுபோன கப்பல். கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, மாலுமிகள் ஏழு பேரும் வேறொரு நாடு. குடிக்கத் தண்ணீர் கேட்டபோது மூன்று நாடுகளும் கைவிரித்தன. அவர்தான் வேலை முடிந்து தினமும் கேன் சுமந்துபோய், அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அதையும் எங்காவது படித்திருக்க முடியுமா?

தன் மீதே சந்தேகம் வந்தது. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வழிகாட்டிக்குச் சொல்லணும்கிறது விதி. சாருக்குப் போன் பண்ணிட்டேன், வர்றாரு" என்றாள் எழுத்தர்.

அவள் சொல்லி முடிக்கும் முன்பே பேராசிரியர் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். நேராக வந்து சுமைதூக்கியின் தோளில் கை வைத்தார்.

"பதறாதேப்பா. நான் இருக்கேன்ல?"

"சார், நான் காப்பியடிக்கல சார்."

"எனக்குத் தெரியாதா உன்னை? ஒன்றரை வருஷமா உன் நோட்டையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வரி வரியா படிச்சவன் நான். ஆனா கமிட்டி நம்பணுமே! அவங்க கைக்குப் போச்சுன்னா திருடன்னு எழுதி வெளிய அனுப்பிடுவாங்க. வயசான காலத்துல உனக்கு அந்தப் பேரு வேணுமா?"

திருடன். நாற்பது வருடம் அடுத்தவன் சரக்கைச் சுமந்தவர். ஒரு மூட்டையில் கூட விரல் விட்டதில்லை.

"நான் என்ன செய்யணும் சார்?"

"ரெண்டு, மூணு, நாலு, இந்த மூணு அத்தியாயத்தையும் எடுத்துடு. அது என் எழுத்து இல்லை, திரும்ப வாங்கிக்கிறேன்னு ஒரு கடிதம் கொடு. ஆறு மாசம் அவகாசம் நான் வாங்கித் தர்றேன். வேற ஏதாவது சின்னத் தலைப்பா பார்த்து எழுதலாம்."

மூன்றும் கப்பல் அத்தியாயங்கள். அவற்றை எடுத்தால் முன்னுரையும் நன்றியுரையும்தான் மிஞ்சும். ஆனாலும் பெரிய மனுஷன், நமக்காக ஓடி வந்திருக்கிறார். சுமைதூக்கிக்குக் கண் கலங்கியது. கையெடுத்துக் கும்பிட்டார்.

பேராசிரியரே ஒரு தாளில் கடிதத்தை எழுதி நீட்டினார். "கையெழுத்தைப் போடு."

பேனாவை வாங்கினார். அத்தனை பக்கம் எழுதிய கைதான். ஆனாலும் கையெழுத்து என்றால் ஒவ்வோர் எழுத்தாக, மூட்டையை இறக்கி அடுக்குவதுபோல்தான் வரும். முதல் எழுத்தே பாதியில் நின்றது.

"சீக்கிரம்ப்பா, அஞ்சு மணி ஆகப்போகுது." பேராசிரியர் மறுபடி அவர் தோளில் கை வைத்தார்.

"இருங்கண்ணே" என்றாள் எழுத்தர். "எதுல இருந்து எடுத்ததுன்னும் இது காட்டும். இதோ, திறக்குது."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? மூடு."

"ஒரு புத்தகம் சார். போன மாசம்தான் வெளிவந்திருக்கு..."

அவள் திரையைச் சுமைதூக்கியின் பக்கம் மெல்லத் திருப்பினாள். அட்டையில், அவர் தண்ணீர் கேனோடு ஏறி இறங்கிய அதே கப்பல். அதற்குக் கீழே ஆசிரியர் என்ற இடத்தில், அவர் தோளில் வைத்த கையை இன்னும் எடுக்காதவரின் பெயர்.