அரைக் கோப்பைப் பிட்டு

சிசிலியா மூன்றாவது வாய்க்குக் கையை நீட்டியபோது, பிட்டுக் கோப்பையை அருளம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"காணும், எழும்பு. உடம்பு வைக்குது உனக்கு."

பிள்ளை மறுபேச்சில்லாமல் கை கழுவப் போனாள். பார்த்துக்கொண்டிருந்த திரேசம்மாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. உப்புக்குளத்திலிருந்து புறப்பட்டு, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்ரியில் அரைநாள் வெயில் காய்ந்து, விடத்தல்தீவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறாள். வந்த இடத்தில் இந்தக் கண்றாவி.

"எடியே, உனக்கென்ன விசரே? பதினாறு வயதுப் பிள்ளை! எலும்பை எண்ணலாம் போல நிக்கிறாள், உடம்பு வைக்குதாம்."

"சத்தம் போடாதை அக்கா." அருளம்மா படலைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"போடுவன்! கடல் தொழில் செய்யிற வீட்டில சாப்பாட்டுக்கும் பஞ்சமே?"

பஞ்சம் இல்லை. சட்டியில் பாரைமீன் குழம்பு கிடந்தது, பிட்டும் பாதிக்கு மேல் மிச்சம். திரேசம்மாவின் கோபத்தைக் கிளறியதே அதுதான். இல்லாத கொடுமைக்குப் பட்டினி போட்டால் பொறுக்கலாம். எல்லாம் வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையின் வயிற்றில் அடிக்கிறவளை என்ன செய்வது?

கை கழுவி வந்த சிசிலியா மெதுவாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வாடியில மீன் நிறுக்கிற தராசில அம்மா என்னை நிறுத்தவ, பெரியம்மா. கொஞ்சம் ஏறிப்போச்சு. அதுதான் இந்தக் கிழமை பாதிச் சாப்பாடு."

"மீன் தராசிலயோ! பிள்ளையைக் கருவாடாக்கப் போறியோடி? நீயும் ஒரு தாயோ?"

அருளம்மா காதில் விழாததுபோலக் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். அந்த அழுத்தம் வேறு திரேசம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது. பெறாமகளுக்கென்று ஆசையாய் வாங்கி வந்த சுடிதாரை, விரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள் இந்தக் கல்நெஞ்சுக்காரி. பிள்ளை போட்டிருந்தது எந்தக் காலத்திலோ தைத்த பூப்போட்ட சட்டை. தலையில் இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். ஒரு குமர்ப்பிள்ளையை இந்தக் கோலத்திலா வைத்திருப்பார்கள்?

"நாளைக்கே அவளை என்னோட கூட்டிக்கொண்டு போறன்."

"ஊரை விட்டுப் போக அவளுக்குப் பாஸ் குடுக்கமாட்டினம் அக்கா."

"சாட்டுச் சொல்லாதை! பிள்ளைக்கு நல்லாச் சாப்பாடு குடு. வளரட்டும்!"

திரேசம்மா கோப்பையைப் பறித்தாள். பிட்டை அள்ளிப் போட்டு, குழம்பை ஊற்றி, பெரிய மீன்துண்டாய்ப் பார்த்து வைத்து, சிசிலியாவின் கையில் திணித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அருளம்மா பாய்ந்துபோய்க் கோப்பையை மகளிடமிருந்து பிடுங்கினாள்.

துவக்கோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் போருக்குக் கூட்டிக்கொண்டு போகிற இயக்கக்காரர்கள். திரேசம்மா உப்புக்குளத்தில் இருந்தபடி கேள்விப்பட்டதோடு சரி, நேரில் கண்டது இன்றைக்குத்தான்.

"பிள்ளைக்கு எத்தினை வயது?"

"பன்னிரண்டு" என்றாள் அருளம்மா, சர்வசாதாரணமாக.

திரேசம்மாவின் திறந்த வாய் அப்படியே நின்றது.

கேட்டவனுக்கு இன்னும் மீசைகூட முளைக்கவில்லை. சிசிலியாவின் குச்சிக் கைகளையும், குட்டைச் சட்டையையும், ரிப்பனையும் மேலும் கீழுமாகப் பார்த்தான். பிறகு துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பினான்.

"நல்லாச் சாப்பாடு குடுங்கோ அம்மா. வளரட்டும், பிறகு வாறம்."