நாற்பத்தொன்பதாம் இதழில் ஒரு சாவு

"யாரைக் கொல்றதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டபடி ஆசிரியர் கதவைச் சாத்தினார்.

கதாசிரியன் பேனாவை மூடினான். "கட்டாயம் ஒருத்தர் சாகணுமா சார்?"

"ஆமா. நாற்பத்தெட்டுல கொள்ளை முடிஞ்சுபோச்சு. ஐம்பதுல புதுச் சண்டை. நடுவுல இந்த ஒரு இதழ்லதான் கூட்டத்துல ஆளை மாத்த முடியும்."

அவர்களுடைய சித்திரக்கதையில் நாயகனே கிடையாது, வில்லன்கள்தான். இப்போது மிஞ்சியிருந்தது நான்கு பேர். நால்வருக்கும் அலுவலகத்து முகங்களையே கொடுத்திருந்தார் ஓவியர். ஆசிரியர்தான் தலைவன் ஒற்றைக்கண். வண்ணம் தீட்டும் அக்கா நஞ்சுராணி, ஓவியர் இரும்புத்தாடை, கதாசிரியன் பொய்வாயன்.

வாசகர்களுக்குத் தெரியாத வழக்கம் ஒன்றும் இருந்தது. வேலையை விட்டு யார் போனாலும் அவருடைய வில்லன் கதையில் செத்துப்போவான். பிழை திருத்துபவர் வேலையை விட்ட மாதத்தில் அவருடைய வில்லனை முதலை விழுங்கியது.

"போறது யாரு சார்?"

"அதை என் வாயால சொல்ல வைக்காதே. சுத்திப் பாரு, உனக்கே தெரியும்."

ஆசிரியர் காகிதக் கோப்பையில் தேநீரை உறிஞ்சினார். பத்து வருடமாக அவர் கையை விட்டு இறங்காத பீங்கான் குவளையைக் காணோம். கவலையில் அதைக்கூட மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று கதாசிரியன் நினைத்துக்கொண்டான்.

கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தான். ஓவியர் இல்லாமல் இதழே இல்லை. அக்கா சமீபத்தில் இரண்டு முறை பக்கங்களைத் தாமதமாகக் கொடுத்திருந்தாள். போவது அவளும் இல்லையென்றால் மிச்சம் அவன்தான். அவசரமாகத் தன் மேசைக்குப் போனான்.

மாலைக்குள் எழுதிவிட்டான். நஞ்சுராணி கோப்பை மாறிப்போய்த் தன் விஷத்தைத் தானே குடித்தாள். ஓவியர் படித்துவிட்டு அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வரையத் தொடங்கினார். ஆசிரியர் குறுக்கே வரமாட்டார். வண்ணம் தீட்டி முடித்த பக்கங்களை வாசகனைப்போல முதன்முறையாகப் படிப்பதுதான் அவர் பிடிவாதம்.

மறுநாள் கதாசிரியன் கடைசிப் பக்கத்தை அக்காவின் மேசையில் வைத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தூரிகையைத் தண்ணீரில் முக்கினாள்.

"பெரியவர் சொன்னாரா?"

"ம். அவர்தான் சொன்னாருக்கா."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வாய் வரலையாக்கும்."

அவள் அழவில்லை. படத்திலிருந்த தன் உதடுகளுக்கு நீலம் பூசினாள். கண்களுக்குக் கீழே மெல்லிய பச்சை. அதுவரை அவள் தீட்டிய எந்தப் பக்கமும் இத்தனை அழகாக இருந்ததில்லை.

"போட்டிப் பத்திரிகைக்காரன் ரெண்டு வருஷமாக் கூப்பிடறான். இவருக்காகத்தான் போகாம இருந்தேன். இப்போ போன்ல சரின்னு சொல்லிட்டேன்." தூரிகைகளைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "நல்ல சாவாத்தான் எழுதியிருக்கே. நல்லா இரு தம்பி."

வாசல் கதவு மூடிக்கொண்டது. ஓவியர் தலை நிமிரவில்லை.

கதாசிரியன் பக்கங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஆசிரியர் புன்னகையோடுதான் படிக்கத் தொடங்கினார். கடைசிப் பக்கத்தில் அந்தப் புன்னகை அப்படியே உறைந்தது.

"எங்கே அவ?"

"போயிட்டாங்க சார். வேற இடத்துல சேர்ந்தாச்சாம்."

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் காலருகே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதில் அவருடைய புத்தகங்கள். அவற்றின்மேல் துணி சுற்றிய பீங்கான் குவளை.

"சுத்திப் பாருன்னு இந்த ரூமைத்தானேய்யா சொன்னேன்," என்றார் மெதுவாக. "போறது நான்."