கண் திறக்காத படம்

"கண் எங்கே, ஜெராக்ஸ்?"

படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார் ஓவியக் குழுவின் தலைவர். தொழிலில் அவர் பல் டாக்டர். சனிக்கிழமை மாலைகளில் மட்டும் ஓவியர்.

"மூடியிருக்கு சார்" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"போன வாரம்?"

"அப்பவும் மூடித்தான் சார் இருந்தது."

"அதுக்கு முந்தின வாரம்?"

கடைக்காரர் கரி படிந்த விரல்களைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து, கரித்துண்டால் முகம் வரைந்து வர வேண்டும். அதுதான் குழுவின் வீட்டுப்பாடம். போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது.

"ஒரே படத்தை வாராவாரம் காப்பி போட்டு எடுத்துட்டு வர்றாரு. சொந்தக் கடைதானே, காசா பணமா!" என்றார் தையல்காரர்.

குழுவே சிரித்தது. கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

"அதே மனைவிதான். அதே நாற்காலிதான். ஆனா படம் வேற வேற சார்" என்றார்.

"கொடுத்து வச்சவர்யா நீங்க! என் சம்சாரம் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டித்தான் எனக்குத் தெரியும். மூடி நான் பார்த்ததே இல்லை" என்றார் தையல்காரர்.

தலைவர் சிரிக்கவில்லை.

"மூக்கு அருமை. கன்னத்து நிழலை என்னைவிட நல்லாவே போட்டிருக்கீங்க. ஆனா கண்ணுன்னா உங்களுக்கு பயம். அதான் இமையை இழுத்து மூடிடறீங்க. உண்மையா இல்லையா?"

"அப்படியும் வச்சுக்கலாம் சார்."

"வச்சுக்கவெல்லாம் முடியாது. அடுத்த வாரம் நூலகத்துல நம்ம கண்காட்சி. கண் திறந்த முகம் ஒண்ணு கொண்டுவாங்க, சுவத்துல உங்களுக்கும் இடம் உண்டு. இல்லேன்னா வர்றவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுங்க."

இப்போதுதான் கடைக்காரரின் முகம் வாடியது.

"என் படம் மாட்டப்போறாங்கன்னு என் மனைவி எல்லார்கிட்டயும் சொல்லிட்டா சார்."

"அப்போ நாளைக்கு நானே உங்க வீட்டுக்கு வர்றேன். பக்கத்துல உட்கார்ந்து கண் போடக் கத்துக்கொடுக்கறேன்."

"அய்யோ, உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"பல்லையே பிடுங்கறவன், உங்க பயத்தைப் பிடுங்க மாட்டேனா?"

மறுநாள் தலைவர் பலகையும் கரிப்பெட்டியுமாகப் போய்ச் சேர்ந்தார். வீட்டம்மா ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். தோள் பையைக் கழற்றாமலே கொடியில் கிடந்த துணிகளை அள்ளினார். நான்கை மடித்தார். பாதியில் விட்டுவிட்டுச் சொட்டிய குழாயை மூடப் போனார். திரும்பி வரும்போது கையில் துடைப்பம் இருந்தது.

"முதல்ல உட்காருங்கம்மா" என்றார் தலைவர்.

"இதோ டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே பெருக்க ஆரம்பித்தார் அந்த அம்மா. "உங்க கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு? தூக்கம் பத்தலை. உடம்பைப் பார்த்துக்கணும், சொல்லிட்டேன்!"

கடைக்காரர் கரித்துண்டைக் கையில் எடுத்தார்.

"படம்."

அவ்வளவுதான். துடைப்பம் மூலைக்குப் போனது, அந்த அம்மா நாற்காலிக்கு வந்தார். சாய்வதற்குத் தலையணை, கால் நீட்ட முக்காலி எல்லாம் தயாராக இருந்தன. மாடலுக்கு இவ்வளவு சொகுசா என்று நினைத்துக்கொண்டார் தலைவர்.

"கண்காட்சிக்கா? எங்க வார்டே வருது டாக்டர், என் மூஞ்சியைச் சுவத்துல பார்க்க. அசையாம இருக்கணும், அவ்வளவுதானே?"

"கண்ணை மட்டும் நல்லா திறந்து வைங்கம்மா. எல்லாப் படத்துலயும் தூங்கற மாதிரியே இருக்கு."

"தூக்கமா? நானா? நல்லா இருக்கே கதை!"

ஊசியைக் கண்ட நோயாளி மாதிரி கண்களை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் உற்சாகமாக ஒரு புருவம் போட்டார். அடுத்த புருவத்துக்காக நிமிர்ந்தபோது இமைகள் இறங்கியிருந்தன. தலை தலையணையில் சாய்ந்திருந்தது. மெல்லிய குறட்டை வேறு.

"அம்மா! கண்ணு..."

கடைக்காரர் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். கரி பிடித்த கை. தலைவருக்கு ஒரே நொடியில் மீசையும் தாடியும் முளைத்தன.

"மன்னிச்சுக்கங்க சார். கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"எழுப்புங்கய்யா!" என்று கிசுகிசுத்தார் தலைவர். "ரெண்டு நிமிஷம் முழிச்சிருந்தா போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"வேணாம் சார்."

"அப்புறம் சுவத்துல இடம் கிடையாது."

கடைக்காரர் மனைவியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"நாற்காலி எடுத்துப் போடறேன் சார். வார்டுல யாராவது கேட்டா, என் வீட்டுக்காரருக்கு இன்னும் சரியா வரைய வரலைன்னு சொல்லிக்கட்டும்."

கையைத் துடைத்துவிட்டு, பாதியில் கிடந்த துணிகளைச் சத்தமில்லாமல் மடிக்க ஆரம்பித்தார்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஆளுய்யா நீங்க! ஒரு கோடுகூட நேரா போடத் தெரியாம வந்து சேர்ந்தீங்க. மாஞ்சு மாஞ்சு கத்துக்கிட்டீங்க. இப்போ படத்தை மாட்டற நேரத்துல துணி மடிக்கறீங்க. ஓவியத்து மேல உங்களுக்கு ஆசையே கிடையாதா?"

"'கொஞ்சம் படுத்து எழுந்திரு'ன்னா கேட்கவே மாட்டா சார். எனக்காக அசையாம உட்காருன்னாதான் உட்காருவா. உட்கார்ந்தா தூங்கிடுவா" என்றார் கடைக்காரர், ஒரு துண்டை உதறாமலே மடித்தபடி. "ஆனா எழுந்ததும் 'எங்கே படம், காட்டு'ன்னு கேட்பாளே. அதுக்காகத்தான் சார் வரையவே கத்துக்கிட்டேன்."